கரி படிந்த பள்ளம்: தாமோதர் பள்ளத்தாக்கின் பாறைகளும் பிளவுகளும்



சிவில் படிக்கிறவனுக்கு நிலக்கரியோடு என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். நம் பாடத்தில் நிலவியல் என்று ஒரு சின்னப் பகுதி வருகிறது. பாறைகள் மூன்று வகைப்படும் என்று எழுதினால் இரண்டு மார்க். பிளவு என்றால் என்ன, படம் வரைக என்றால் இன்னும் கொஞ்சம். "சாய்ஸில் விட்டுடலாம்டா" என்று பாதிப் பேர் தாண்டிப் போகிற பகுதி. எனக்கு அதுதான் பிடித்த பகுதி. காரணம் வீட்டில் இருக்கிறது. எங்கப்பா கிணறு வெட்டுகிறவர். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் கடப்பாரை விழுகிற சத்தத்தை வைத்தே இது சுக்கான், இது கருங்கல், இதற்குக் கீழே ஈரம் இருக்கும், இருக்காது என்று சொல்லிவிடுவார். அவர் கையில் இருக்கிற படிப்புக்கு நம் புத்தகத்தில் என்ன பெயர் என்று தேடிப் போனபோதுதான் இந்த விஷயத்தில் மாட்டிக்கொண்டேன்.

படிவுப் பாறை, பிளவு இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் படிக்க வேண்டுமென்றால் நம் நாட்டில் தாமோதர் பள்ளத்தாக்கை விட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி. ஜார்கண்டில் சோட்டா நாக்பூர் பீடபூமியில் பிறந்து, கிழக்கே ஓடி, மேற்கு வங்கத்துக்குள் புகுந்து, ஹூக்ளியில் சேருகிற ஆறு தாமோதர். அது ஓடுகிற வழியில் கரண்புரா, ராம்கர், பொகாரோ, ஜாரியா, ராணிகஞ்ச் என்று மேற்கிலிருந்து கிழக்காகப் பாசிமணி கோத்த மாதிரி நிலக்கரி வயல்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்து நிலக்கரித் தோண்டல் 1774-இல் ராணிகஞ்சில்தான் தொடங்கியது. ஜாரியா சுமார் 450 சதுர கிலோமீட்டர்தான். அரிவாள் வளைவு மாதிரி ஒரு வயல். ஆனால் இரும்பு உருக்கத் தேவையான முதல்தர கோக் கரிக்கு நாடு முழுவதும் இந்த ஒரு வயலைத்தான் நம்பியிருந்தது.

பள்ளம் எப்படி வந்தது?

அந்தப் பக்கத்து அடித்தளம் முழுக்கப் பழைய, கெட்டியான நைஸ் பாறை. நம் ஊர்க் கருங்கல்லுக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிழமேற்காகச் சில பலவீனக் கோடுகள். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து அந்தக் கோடுகளை ஒட்டித் தரை மெல்ல மெல்ல இறங்கியது. இறங்கிய பள்ளத்தை ஆறுகள் மணலும் சேறும் கொண்டுவந்து நிரப்பின. நிரம்ப நிரம்ப மறுபடி இறங்கியது.

இதை எப்படி நம்புவது என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. கணக்கைப் பாருங்கள். ஜாரியாவில் அடியிலிருந்து தால்சிர் அடுக்கு சுமார் 245 மீட்டர், அதன்மேல் பராகர் சுமார் 1250 மீட்டர், அதன்மேல் கரியில்லாத அடுக்கு சுமார் 730 மீட்டர், எல்லாவற்றுக்கும் மேலே ராணிகஞ்ச் அடுக்கு சுமார் 800 மீட்டர். கூட்டினால் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆரம்பத்திலேயே மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் இருந்திருந்தால் அது ஆழ்கடல் மாதிரி ஏரியாக அல்லவா இருந்திருக்கும்? ஆனால் கரி அடுக்குகளுக்கு இடையில் கிடைப்பதெல்லாம் ஆற்று மணல், வெள்ளச் சேறு, சதுப்பு நிலத்து வேர்த்தடம். எல்லாம் தரைமட்டத்துச் சமாச்சாரம். ஆகவே படிகிற வேகத்துக்கு ஈடாகத் தரையும் இறங்கிக்கொண்டே வந்திருக்க வேண்டும். வேறு வழியில்லை. பெரிய எல்லைப் பிளவுகள் படிவோடு கூடவே வேலை செய்தனவா, படிந்து முடித்த பிறகு வெட்டினவா என்பதில் நிலவியலாளர்கள் நெடுநாள் வாதாடியிருக்கிறார்கள். இரண்டும் நடந்திருக்கிறது என்று சொல்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அடியிலிருந்து மேலே

படிவுப் பாறையைப் படிக்கும்போது அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூட்டை அடுக்கின கதைதான், முதலில் வைத்தது அடியில் இருக்கும்.

அடியில் தால்சிர். ஒடிசாவில் உள்ள ஊரின் பெயர். அங்கே 1856-இல் பிளான்போர்டு சகோதரர்கள் ஒரு வினோதமான படிவைப் பார்த்தார்கள். மெல்லிய சேற்றுப் பாறைக்குள்ளே ஆள் உயரப் பாறாங்கல்லும், கூழாங்கல்லும், மணலும் ஒரே கலவையாகக் கிடந்தன. ஓடுகிற ஆறு இப்படிச் செய்யாது. ஆறு சல்லடை மாதிரி. பெரிய கல்லை மேலேயே விட்டுவிட்டு மணலைக் கீழே கொண்டுபோகும். பெரிசு சிறிசு பார்க்காமல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து கொட்டுவது பனியாற்றின் வேலை. கற்கள் சிலவற்றில் தேய்த்த முகமும் கீறல் கோடுகளும் இருந்தன. வெயில் கொளுத்துகிற ஒடிசாவில் பனிக்கட்டியா என்று அன்றைக்குப் பலர் நம்பவில்லை. பிறகு தென்னாப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரிப் படிவு கிடைத்தது. அந்தக் காலத்தில் இந்த நிலங்கள் எல்லாம் ஒரே கண்டமாகத் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தன. அதற்குத்தான் கோண்டுவானா என்று பெயர். மெட்லிகாட் என்பவர் 1872-இல் மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் நாட்டை வைத்து இந்தப் பாறைத் தொகுதிக்குப் பெயரிட்டார். சூயஸ் 1885-இல் அதைக் கண்டத்துக்கே பெயராக்கினார். ஒரு மலைவாழ் மக்களின் பெயர் அரைப் பூமிக்குப் பெயராகிவிட்டது பாருங்கள்.

தால்சிரில் இன்னொன்று, பச்சை நிறத்தில் ஷேல். வெயில் பட்டால் ஊசி ஊசியாக உடையும். ஊசி ஷேல் என்றே பெயர்.

அதற்கு மேலே பராகர். தாமோதரின் துணையாறு ஒன்றின் பெயர் இது. நம் கதாநாயகன் இவர்தான். பனி உருகி, ஆறுகள் பெருகி, காடு வளர்ந்த காலம். பராகர் அடுக்கை வெட்டிப் பார்த்தால் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அடியில் பருமணல் பாறை, சில இடங்களில் கூழாங்கல்லோடு. அதன்மேல் நுண்மணல். அதன்மேல் சாம்பல் நிற ஷேல். பிறகு கரி கலந்த கறுப்பு ஷேல். பிறகு நிலக்கரி. அதன் தலையில் திடீரென்று மறுபடி பருமணல். ஏன் இப்படி? ஆற்றின் நடுவே பருமணல் படியும். ஆறு விலகிப் போனதும் அதே இடத்தில் வெள்ளச் சேறு படியும். பிறகு அது சதுப்பாகிக் காடு மூடும். மரம் விழுந்து, அழுகாமல் தண்ணீருக்கடியில் மக்கி அடுக்கடுக்காகச் சேரும். ஒரு நாள் ஆறு திரும்பி வந்து எல்லாவற்றையும் மணலால் மூடும். தரை இறங்கும். மறுபடி முதலிலிருந்து. ஜாரியாவின் பராகரில் கரி அடுக்குகளுக்குக் கீழிருந்து மேலாக 1 முதல் 18 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். பெயர் சொல்லாமல் நம்பர் சொல்லிக் கூப்பிடுவது, ஹாஸ்டலில் ரூம் நம்பர் சொல்வது மாதிரி. கோக் கரிக்குப் பெயர் போனவை மேல் நம்பர்கள்.

மணற்பாறையில் சாய்ந்த கோடுகள் இருக்கும். குறுக்குப் படிவு என்பார்கள். அவை சாய்ந்திருக்கிற பக்கம்தான் அன்றைக்குத் தண்ணீர் ஓடின பக்கம். அளந்து பார்த்ததில் பெரும்பாலும் வடக்கு, வடமேற்குப் பக்கமாகக் காட்டுகின்றன. இன்றைய தாமோதர் கிழக்கே ஓடுகிறது. அதாவது அது வேறு ஆறு, இது வேறு ஆறு.

அந்தக் காட்டின் மரம் குளோசாப்டெரிஸ். நாக்கு மாதிரி இலை, நடுவே ஒரு நரம்பு, இருபக்கமும் வலை. இலை கொத்துக் கொத்தாகக் கிடைப்பதால் பருவத்துக்கு ஒருமுறை உதிர்க்கிற மரம் என்கிறார்கள். தண்டின் குறுக்கே ஆண்டு வளையமும் உண்டு. குளிர்கால மரம். தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912-இல் இறந்துபோன கேப்டன் ஸ்காட் குழுவின் வண்டியில் 16 கிலோ அளவுக்குக் கற்கள் இருந்தன. அவற்றில் இந்த இலையின் அச்சு இருந்தது. சாகிற நிலையிலும் அந்தக் கல்லைக் கீழே போடாமல் இழுத்து வந்திருக்கிறார்கள்.

இங்கே நம் சிவில் பிரிவுக்கு ஒரு செய்தி. நம் நாட்டுக் கோண்டுவானா கரியில் சாம்பல் அதிகம். மின் நிலையத்துக்கு வருகிற கரியில் 30 முதல் 40 சதம் கூட இருக்கும். சதுப்புக்குள் ஆற்று வெள்ளம் அடிக்கடி புகுந்து சேற்றைக் கலந்ததுதான் காரணம். தூத்துக்குடிக்கும் வட சென்னைக்கும் ஒடிசா, வங்கத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வருகிற கரி இந்தக் கோண்டுவானா கரிதான். நெய்வேலி பழுப்பு நிலக்கரி வேறு. அது இதைவிட மிகவும் இளையது. அனல்மின் நிலையத்தில் எரிந்து மிஞ்சுகிற பறக்கும் சாம்பலைத்தான் பொசலான் சிமெண்டில் 15 முதல் 35 சதம் வரை சேர்க்கிறார்கள். லேபில் நாம் கியூப் போட்டு உடைக்கிறோமே, அதற்குள் 27, 28 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆற்று வெள்ளத்தின் சேறு இருக்கிறது. இதை எங்கப்பாவிடம் சொன்னேன். "அப்ப சேறு வீணாப் போகலைங்கிற" என்றார்.

பராகருக்கு மேலே இருப்பது கரியில்லாத அடுக்கு. ராணிகஞ்ச் பக்கம் இதில் இரும்புக் கல் கலந்த ஷேல் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் குல்டி இரும்பு உலைக்கு அது பயன்பட்டது. அதற்கும் மேலே ராணிகஞ்ச் அடுக்கில் மறுபடி கரி. பிறகு ஏறத்தாழ 25 கோடி 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகமெங்கும் உயிர்கள் அழிந்தபோது குளோசாப்டெரிஸ் காடும் போய்விட்டது. அதற்கு மேலே உள்ள பஞ்செட் அடுக்கில் கரி இல்லை. லிஸ்ட்ரோசாரஸ் என்ற கொம்புப் பல் விலங்கின் எலும்பு கிடைக்கிறது.

பிளவு

ஃபால்ட் என்றால் எலக்ட்ரிகல் நண்பர்களுக்குக் கேபிள் ஞாபகம் வரும். இது பாறையின் ஃபால்ட். பாறை வெடித்து, வெடித்த இரண்டு பக்கமும் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்திருந்தால்தான் பிளவு. நகராவிட்டால் அது வெறும் வெடிப்பு. சாய்ந்த பிளவுத் தளத்தின் மேலே இருக்கிற பாறை தொங்குசுவர், கீழே இருப்பது அடிச்சுவர். இந்தப் பெயர்கள் புரொபசர் வைத்ததல்ல. சுரங்கத்தில் பிளவை ஒட்டித் தோண்டிப் போகிறவனுக்குத் தலைக்கு மேலே ஒரு சுவர், காலுக்கடியில் ஒரு சுவர். தொழிலாளி வைத்த பெயர்.

தொங்குசுவர் கீழே இறங்கியிருந்தால் அது சாதாரணப் பிளவு. பாறையை இரண்டு பக்கமும் இழுத்தால் வருவது. தாமோதர் வயல்களில் பெரும்பாலும் இந்த வகைதான். ஜாரியாவின் வடக்கு ஓரத்தில் படிவுகள் பழைய நைஸ் மேல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து தெற்கே சாய்ந்து சாய்ந்து போய், தெற்கு எல்லைப் பிளவில் பட்டென்று முடிந்துவிடும். அந்தப் பக்கம் மறுபடி நைஸ். அந்தப் பிளவில் இறக்கம் ஆயிரம் மீட்டருக்கும் மேல். தாம்பாளத்தின் ஒரு விளிம்பை மட்டும் அழுத்திப் பிடித்த மாதிரி. மேலே இருந்திருக்கக்கூடிய படிவெல்லாம் பிளவுக்கு வெளியே மழையிலும் காற்றிலும் கரைந்துபோயிற்று. பள்ளத்துக்குள் இறங்கியது மட்டும் தப்பித்தது. பிளவு இல்லையென்றால் இன்றைக்குக் கரியும் இல்லை.

வயலுக்குள்ளேயும் நூற்றுக்கணக்கில் சின்னப் பிளவுகள். சுரங்கத்துக்குள் கரியைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டே போகிறார்கள்; ஒரு நாள் கரி முடிந்து எதிரே வெறும் மணற்பாறை நிற்கிறது. கரி எங்கே போயிற்று, மேலேயா, கீழேயா? தப்பான பக்கம் தோண்டினால் மாதக் கணக்கில் கூலியும் வெடிமருந்தும் போச்சு. இதற்கு ஒரு வழி இருக்கிறது. சாதாரணப் பிளவு என்றால், போகிற வழியில் பிளவுத் தளம் முதலில் கூரையில் தென்பட்டால் அது நம்மைவிட்டு முன்னோக்கிச் சாய்கிறது; நாம் அடிச்சுவரில் நிற்கிறோம்; எதிரே உள்ளது இறங்கிய பக்கம். கீழே தேடு. முதலில் தரையில் தென்பட்டால் நாம்தான் இறங்கிய பக்கத்தில் நிற்கிறோம். மேலே தேடு. ஒரு பேப்பரில் சாய்கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், மனப்பாடம் வேண்டாம். பிளவின் ஓரத்தில் அடுக்குகள் வளைந்து இழுபட்டிருந்தால், வளைந்த பக்கமும் அதையே சொல்லும்.

ஒரு கணக்கு. கரி அடுக்கு மட்டமாக இருக்கிறது. பிளவு 60 டிகிரி சாய்வு, இறக்கம் 12 மீட்டர். படுக்கைவாட்டு விலகல் 12-ஐ டேன் 60-ஆல் வகுத்தால் 6.9 மீட்டர். மேப்பில் அந்த அகலத்துக்குக் கரியே கிடையாது. பிளவிலிருந்து நாலுக்கு ஒன்று சரிவில் வழி வெட்டிக் கீழே உள்ள கரிக்குப் போக வேண்டுமானால் படுக்கையாக 48 மீட்டர், சரிவு நீளம் 49.5 மீட்டர். முழுக்கக் கல், ஒரு கூடை கரி வராது. வெறும் 12 மீட்டருக்கே இந்தப் பாடு.

பிறகு எரிமலைக் குழம்பு வந்தது. டைனோசர் காலத்தில் லாம்ப்ரோபைர், டோலரைட் என்ற குழம்புகள் வெடிப்புகள் வழியே ஏறிக் கரி அடுக்குக்குள் புகுந்து பக்கத்துக் கரியைச் சுட்டுவிட்டன. சுட்ட கரிக்கு அங்கே ஜாமா என்று பெயர். கட்டுமானப் பொருள் பாடத்தில், அதிகம் வெந்து உருகின செங்கல்லுக்கு ஜாமா செங்கல் என்று படித்தோமே, அதே சொல்தான். இரண்டும் ஒரே விதத்தில் கெட்டுப்போனவை.

தண்ணீரும் தீயும்

"வெடிப்புலதான்டா தண்ணி இருக்கு" என்பார் அப்பா. பாறை முழுசாக இருந்தால் கிணறு வறண்ட கிணறு. வெடிப்பு கிடைத்தால் ஊற்றுக்கண் கிடைத்த மாதிரி. அவருக்கு அது பிழைப்பு. சுரங்கத்தில் அதே வெடிப்பு எமன். பிளவை ஒட்டிய நொறுங்கின பாறை மேலே உள்ள தண்ணீருக்கு வழி. அதைவிட மோசம், பழைய காலத்தில் வெட்டி விட்டுவிட்ட சுரங்க அறைகளில் தேங்கின தண்ணீர். இடையில் சுவராக விட்ட கரி எவ்வளவு கனம் என்று சரியாகத் தெரியாவிட்டால் அவ்வளவுதான்.

1975 டிசம்பர் 27-இல் ஜாரியா வயலின் சாஸ்நாலாவில் மேலே தேங்கியிருந்த பழைய வேலைத்தளத்துத் தண்ணீர் உடைத்துக்கொண்டு இறங்கியது. 375 பேர் இறந்தார்கள். 1995 செப்டம்பரில் கட்ரி ஆறு பெருகி காஸ்லிடாண்ட் சுரங்கத்துக்குள் புகுந்ததில் 64 பேர். ராணிகஞ்ச் மகாவீர் சுரங்கத்தில் 1989 நவம்பர் 13-இல் தண்ணீர் புகுந்தபோது 71 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். மீதி 65 பேர் நின்றிருந்த இடத்துக்கு நேர் மேலே தரையிலிருந்து துளை போட்டு, ஒரு ஆள் நிற்கிற இரும்புக் கூண்டை இறக்கி, ஒவ்வொருவராக மேலே தூக்கினார்கள். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் முதலில் தானே கூண்டில் இறங்கி, எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் மேலே வந்தார். அவருடைய தைரியத்தை எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். நான் யோசிப்பது வேறொன்று. துளையை எந்த இடத்தில் போடுவது? அடியில் உள்ள வழிகளின் மேப் தரையோடு சரியாகப் பொருந்தினால்தானே நேர் மேலே என்று ஒரு முளை அடிக்க முடியும்? அந்த மேப்புக்காக லெவலும் தியோடலைட்டும் தூக்கிக்கொண்டு முன்பே எத்தனையோ நாள் இருட்டில் நடந்த சர்வேயர்களின் பெயர் எங்கும் வரவில்லை. நம்மைப் போல டிப்ளமோ முடித்தவர்கள் போய்ச் சேருகிற வேலை அது. சர்வேயில் மூடல் பிழையை அட்ஜஸ்ட் பண்ணி எழுதுகிறோமே, அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

தீ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாரியாவில் முதல் தீ 1916-இல் பதிவாயிற்று. கரி காற்றில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தானாகவே சூடாகும். சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் தானே பற்றிக்கொள்ளும். மேலோட்டமாக வெட்டி, தூண்களை அரித்தெடுத்த பழைய சுரங்கங்களின் கூரை இறங்குகிறது. தரையில் வெடிப்பு விழுகிறது. வெடிப்பு வழியே காற்று போகிறது. தீ வளர்கிறது. தீ தூணைத் தின்றதும் மறுபடி தரை இறங்குகிறது. 1971-லிருந்து 1973-க்குள் சுரங்கங்கள் அரசுடைமை ஆனபோது இந்தத் தீயும் சேர்ந்தே கைமாறியது. மேலே வீடுகள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இருக்கிறது. குடும்பங்களை வேறிடம் மாற்ற 2009-இல் மத்திய அரசு பெரிய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கரியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குக் கரி இல்லாத இடத்தில் வீடு கொடுத்தால் வேலைக்கு எங்கே போவது என்ற கேள்வி அதோடு கூடவே வந்தது.

பொறியியல் வழியில் இதற்குச் செய்வது மணல் நிரப்புதல். கரி எடுத்த அறைக்குள் மணலையும் தண்ணீரையும் கலந்து குழாயில் விடுகிறார்கள். தண்ணீரை வடித்து மேலே இறைத்துவிட்டால் மணல் உள்ளே இறுகி நிற்கும். கூரை இறங்காது, காற்றும் போகாது. காங்கிரீட்டுக்கு நாம் தேடுகிற அதே நல்ல ஆற்று மணல்தான் இதற்கும் வேண்டும். அந்த வயல்களுக்கு அது தாமோதர் படுகையிலிருந்து வந்தது. பராகர் மணற்பாறையின் மேலேயே ஓடி, அதை அரித்து அரித்துத்தான் தாமோதர் தன் மணலில் ஒரு பங்கைச் சேர்க்கிறது.